மேட்டில் தேங்கிய மழை

சரிவை வெட்டாமல் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பது கட்டட வடிவமைப்பாளராக எனக்கு ஒரு வெறி. தொண்ணூறுகளில், சென்னிமலைப் பக்கம் ஒரு மானாவாரிக் காடு, மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலம். மண் சாய்ந்தபடியே வகுப்பறைகளையும் படிப்படியாக இறக்கி வரைந்தேன். மேட்டிலிருந்து ஓடிவரும் மழையைக் கல்சுவர் மறித்து, சிமெண்ட் பூசிய தொட்டிக்குள் சேர்க்கும். ஒரு சொட்டுகூட வீணாகாது என்றேன் ஊர்க்கூட்டத்தில். கைதட்டினார்கள். இடத்தைத் தானமாகக் கொடுத்தவரும் தட்டினார். அவருடைய வீடும் கிணறும் மீதிக் காடும் சுவருக்குக் கீழே. அந்தச் சொட்டு அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது? நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் தொட்டி தளும்பியது என்று சேதி வந்ததும் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். தளும்பத்தான் செய்தது, வானம் முழுக்க அதில் கிடந்தது. கர்வத்தோடு கீழே, இடம் கொடுத்தவர் வீட்டுக்கு இறங்கினேன்.

"வாங்க, வாங்க. டீ குடிச்சுப்போட்டுத்தான் போவோணும்" என்றார் அவர்.

டம்ளரை நீட்டிய அவர் மனைவி சொன்னார்: "பள்ளிக்கூடத்துத் தண்ணிதானுங்க. நம்ம கெணத்துல தவளைகூட இல்லீங்க."

"ஏனம்மணி, ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட..."

"நான் என்ன பொய்யா சொல்லிப்போட்டேன்? மேட்டுக் காட்டைக் குடுத்தோம். மழையையுமா எழுதிக் குடுத்தோம்?"

டம்ளரைக் கீழே வைத்தேன். சுவரை உடைத்துவிடுகிறேன் என்றேன்.

"குடுத்தது குடுத்ததுதானுங்க. கொழந்தைங்க குடிக்கிற தண்ணி. அதைப் போயி..." என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சீமையில் கொடுத்ததைப் பற்றி மறுபடி பேச மாட்டார்கள். அந்த மரியாதைக்குள்தான் என் தொட்டி நிறைந்திருந்தது.

கூரைத் தண்ணீரே தொட்டிக்குப் போதும், சுவரைத் திறந்துவிடலாம் என்று தலைமையாசிரியையிடம் மன்றாடினேன். கோடையில் குழாய் வற்றினால் பிள்ளைகளுக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா என்று கேட்டார். மறுபடி மறுபடி கேட்டு, அரை மனதாக ஒப்புக்கொள்ள வைத்தேன். தையில் சுவரின் நடுவே, தண்ணீர் கீழே போக, ஆளகலத்துக்குத் திறப்பு வெட்டினோம்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை.

வறண்ட திறப்பின் முன் நின்றிருந்தேன். இடம் கொடுத்தவர் மேலேறி வந்து, "நீங்க வெட்டிப்போட்டீங்களே, அது போதுமுங்க" என்றார். அவர் மனைவியாவது ஏதாவது குத்திச் சொல்வார், ஏச்சு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று அவரோடு இறங்கினேன்.

வாசலில் நின்று, "டீ வைக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.