கருவைக் காட்டில் விழாத கல்

காளையார்கோவில் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் தொண்ணூறுகளின் நடுவில் வேலை பார்த்தேன். அங்கே டீச்சர்களாகிய எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காலையில் ஒரு தம்ளர் காப்பி. அதற்குப் பிறகு, சாயங்காலம் வீடு திரும்பும் வரை, தொண்டை நனைகிற அளவுக்கு மேல் தண்ணீர் கிடையாது.

காரணம் எளிது. பள்ளியில் கழிப்பறை இல்லை. ஆண் வாத்தியார்கள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. ஊரில் உள்ள சுவரெல்லாம் அவர்களுக்குக் கழிப்பறைதானே. எங்களுக்குப் பின்பக்கத்துக் கருவைக் காடு. டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பன்மார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், மரியாதையாக எழுந்து வணக்கம் சொல்வார்கள். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு முள்ளுக்குள் நுழைய வேண்டும். அதற்குத் தாகத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று இருந்துவிட்டோம். "ஒட்டகங்க" என்று ஆண் வாத்தியார்கள் எங்களைக் கேலி செய்வார்கள். நாங்களும் வெட்கமில்லாமல் சிரிப்போம்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் ஒன்றில், காரைக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து அடிவயிறு வரை இழுத்தது. பிள்ளை பெற்றவள் நான். பிரசவ வலி விட்டு விட்டு வரும், முடிவில் ஒரு பிள்ளையும் உண்டு. இது இரண்டும் இல்லாத வலி. உட்கார்ந்தாலும் நின்றாலும் குனிந்தாலும் ஒன்றுதான். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, நான் வாந்தி எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

காரைக்குடி செக்காலையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் நெல்லளவுக்கு ஒரு கல்.

"தண்ணியே குடிக்கிறதில்லையா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சொன்னார்: "இனிமே நெறையாக் குடிங்க. போற நீரைத் துணியில வடிகட்டிப் பாருங்க. கல்லு கையில கெடைக்கிற வரைக்கும் போயிருச்சுன்னு நெனைக்காதீக. வலி நின்னாலும் மறுபடி ஒரு படம் எடுத்துப் பாத்துரணும்."

வீட்டில் ஒழுங்காக வடிகட்டினேன். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கச் சொன்னார் என் அம்மா, கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பள்ளியில்தான் சிக்கல். குடித்ததால் போக வேண்டி வந்தது. ஒரு கையில் சேலை, ஒரு கையில் வடிதுணி, காலடியில் முள், எந்நேரமும் யாராவது வரலாம் என்ற பயம். அங்கே நான் வடிகட்டவில்லை. எந்த டாக்டர் சொன்னாலும் யாராலும் முடியாது.

புனித வாரத்தில் வலி சட்டென்று நின்றது. உயிர்ப்பு ஞாயிறு அன்று நிமிர்ந்து நடந்து கோவிலுக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "கல்லறைக் கல்லையே பொரட்டுன சாமி, ஒன் கல்லைப் பொரட்ட மாட்டாரா?" என்றார்.

"கண்ணால பாக்கலையேங்க."

"பள்ளிக்கூடத்துக் கருவைக்குள்ள விழுந்திருக்கும். அதை அங்குட்டுப் போயித் தேடிக்கிட்டு இருப்பியா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த வாரமே அவர் பங்குச் சாமியாரிடம் சொல்லி நன்றிப் பூசை வைத்தார். பீடத்திலிருந்து என் பெயரை வாசித்து, சுகம் கிடைத்ததற்கு நன்றி என்று சொன்னார்கள். கோவிலுக்கு வந்த பங்குச் சனம் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு போய் மறுபடி படம் எடுத்தால், கடவுளையே சந்தேகப்படுவதாக ஆகாதா? அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்தது. போர்வை மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மாத்திரையில் அடங்கி மறுபடி வந்தது. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர், முன்பு எடுத்த படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"வலி நின்னா கல்லு போயிருச்சுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

எங்கே சொல்வது, பூசை வைத்தோம் என்று?

கல் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அடைபட்ட சிறுநீரகம் சில நேரம் கொஞ்ச நாளில் வலிப்பதை நிறுத்திவிடுமாம். பிறகு சத்தமில்லாமல் வீங்கி, உள்ளேயே செத்துப்போகுமாம். நாங்கள் பூசை வைத்து நன்றி சொன்னது அதற்குத்தான். டாக்டர் விளக்கியபோது அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. என் உடம்புக்குள் ஒன்று செத்துக்கொண்டிருந்த மாதங்களில் நான் ஊர் முழுக்கச் சுகமாக இருப்பதாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வலது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். தட்டில் வைத்து என் வீட்டுக்காரருக்குக் காட்டினார்களாம். சீழ் கட்டிய தோல்பை மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கல்லைப் பற்றி அவர் கேலி பேசியதில்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது பையில் பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. மிச்சம் இருப்பது ஒன்று. அதுவும் போனால் பிழைப்பு இல்லை. பாடம் நடத்திக்கொண்டே குடித்தேன். டீக்கடையைத் தாண்டும்போது எவன் வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மானத்தையும் மதுரையில் அந்தத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, கல் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் அறுவை சிகிச்சையையும் சொன்னேன். "தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, குடிச்சுக்கிட்டே இருங்க" என்றேன்.

பையன்கள் தலையாட்டினார்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தயங்கி எழுந்தாள்.

"பள்ளிக்கூடம் இருக்க அன்னைக்குத் தண்ணி குடிச்சா எங்கம்மா வைவாக டீச்சர்."

அடுத்த பெஞ்சில் ஒருத்தி "எங்கம்மாவுந்தான்" என்றாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகளின் உதடுகளைப் பார்த்தேன். வரிசையாக எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன.