நாலு கிளிப்புகள்

அண்ணாவின் பாம்பு செம்மஞ்சள் நிறம், விஷமில்லாதது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எட்டாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்குள் அதை வைத்திருக்க அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கண்ணாடித் தொட்டியின் வலைமூடியை நாலு கிளிப்புகளும் எப்போதும் கவ்வியிருக்க வேண்டும். தலை நுழையும் இடைவெளி போதும், உடம்பு முழுவதும் வெளியே வந்துவிடும் என்று அண்ணாவே சொல்லியிருந்தான். அவன் பள்ளி முடிந்து டோனட் கடைக்கு வேலைக்குப் போவதால், காலையும் மாலையும் கிளிப்புகளை அழுத்திப் பார்ப்பது ஒன்பது வயதான என் பொறுப்பு.

அம்மா அதன் பெயரைச் சொல்லமாட்டாள். தொட்டியைக் கடக்கும்போது கைகூப்புவாள்.

“அம்மா, உது கோயில் பாம்பில்லை. எலி தின்னிற சாமான்,” என்று அண்ணா சிரிப்பான்.

“வாயைப் பொத்தடா. கைக்குழந்தை இருக்கிற வீடு.”

பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது ஒரு பக்கத்துக் கிளிப்புகள் இரண்டும் திறந்திருந்தன. பாம்பைக் காணவில்லை.

காலையில் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் அழுத்திப் பார்த்தேனா? நினைவில்லை. பக்கத்து அறையில், தரையில் விரித்த மெத்தையில் நாலு மாதத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனை வாரியெடுத்துக் கதிரையில் ஏறினாள். நான் மேசையில் ஏறினேன். இரண்டு மணிநேரம் எங்கள் கால் தரையில் படவில்லை. ஹீற்றர் முனகும்போதெல்லாம் நான் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன்.

“அம்மா, நான்தான் கிளிப் பாக்கேல்லைப் போல.”

அம்மா தம்பியின் கால்களை இழுத்துச் சேலைக்குள் மூடினாள்.

அண்ணா வேலையிலிருந்து வந்து ஃபிரிட்ஜை நகர்த்தினான். பின்னால், மோட்டரின் சூட்டில், சுருண்டு கிடந்தது.

“ஆர் கிளிப்பைப் பூட்டாமல் விட்டது?” அன்றிரவு அப்பா கேட்டார்.

“நான்தானப்பா. மறந்துபோனன்.”

அம்மா குனிந்தபடி சோறு போட்டாள்.

மறுநாள் பாம்பு பிக்கரிங்கில் அண்ணாவின் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போயிற்று. அண்ணா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வெறும் தொட்டியைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. உள்ளே, பாம்பு ஒளியும் மரக்குற்றியின் பின்னால், வழக்கமாகச் சாமிப்படத்தின் முன்னால் இருக்கும் எங்கள் சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அடியில் திரைந்த பால்.

அதையும் கழுவி அம்மாவிடம் நீட்டினேன். ஈரத்தோடு வாங்கிக்கொண்டவள், மற்றக் கையால் என் தலையை நெடுநேரம் தடவினாள். இவ்வளவு பெரிய குற்றம் செய்தவளை ஏன் தடவுகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.