தந்தியில் போட்ட சொல்

ஆங்கிலேயனுக்கு 'சீரியஸ்' என்றால் உயிருக்குப் போராடுகிறவர், 'எக்ஸ்பயர்ட்' என்றால் செத்தவர். எங்கள் ஜனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியூரில் இருப்பவர் வழியிலேயே இடிந்துபோகக் கூடாதே என்று, பாடை கட்டிக்கொண்டே 'ஃபாதர் சீரியஸ்' என்று தந்தி அடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் மர்பி டவுன் வீட்டில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஐசியூவில் நிஜமாகவே சீரியஸ். சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்றார் டாக்டர். திருவண்ணாமலையில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் போன் இல்லை. தந்தி ஆபீஸ் பாரத்தில் 'ஃபாதர் சீரியஸ்' என்று எழுதினேன். உண்மையை எழுதினாலும் அக்கா அதைச் சாவு என்றுதான் படிப்பாள். அலறிக்கொண்டு வார்டுக்குள் வருவாள். அந்தச் சத்தமே அப்பாவைக் கொன்றுவிடும்.

"எப்போ ஆச்சு சார்?" என்றார் கவுன்ட்டர்காரர், குரலைத் தாழ்த்தி.

"ஐயோ, உயிரோடதாங்க இருக்காரு."

"எல்லாரும் அப்படித்தான் சார் போடுவாங்க."

'நாட் எக்ஸ்பயர்ட்' என்று சேர்க்கலாம்தான். அந்தச் சொல்லை அப்பாவுக்குப் பக்கத்தில் எழுதவே பயமாக இருந்தது. எழுதவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்றேன். அக்கா வாழையிலையில் சுற்றிய மாலையோடு இறங்கினாள்.

"எப்போடா எடுக்கறாங்க?"

"அக்கா, அப்பா இருக்காரு."

"என்கிட்டயுமாடா மறைக்கறே?"

ஆட்டோவில் நான் செய்த சத்தியம் எதுவும் எடுபடவில்லை. ஐசியூ வாசலில் அவள் வாயை என் கையால் பொத்தியே உள்ளே கூட்டிப்போனேன். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். சூடு இருந்தது. வெளியே வந்து வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாலையை ஆஸ்பத்திரிப் பிள்ளையாருக்குப் போட்டோம்.

அப்பா பிழைத்தார். பிறகு பல வருஷம் அக்கா வீட்டில்தான் இருந்தார். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலத்தில், ஒருநாள் மத்தியானம் தொம்மலூர் ஆபீசில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு சீரியஸ்டா."

"நெஜ சீரியஸ்தானே அக்கா?"

"ஆமாண்டா, சீரியஸ்தான்" என்றாள். "நீ பதறாதே. சாப்பிட்டுட்டு மெதுவாவே வா."