நஞ்சுக்கொடிக்கு ஏழு நாள்

பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் தராசக்காவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிறந்த குழந்தையைக் கொஞ்ச ஊரே வரும். பின்னாலேயே வந்து விழும் நஞ்சுக்கொடியை எடைபோட்டு, டப்பாவில் தேதி எழுதி, ஏழு நாள் ஃபிரிட்ஜில் வைப்பவள் அவள் ஒருத்திதான். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லையென்றால் எட்டாம் நாள் எரிக்க அனுப்புவாள்; குறை இருந்தால் அறுத்துப் பார்த்து அறிக்கை எழுதுவாள்.

"அக்கா, உன் ஃபிரிட்ஜ்ல என் தண்ணி பாட்டிலுக்கு இடமிருக்கா?" என்பாள் நர்ஸ்.

"வைடி. மூடியில உன் எடையையும் எழுதிடறேன்."

தராசக்காவின் பஸ் ஓட்டும் புருஷன் மட்டும், சாப்பிட்டுக் கை கழுவும்வரை அவள் வேலையைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

அந்த வாரம் தையல்காரப் பெண் ஒருத்திக்கு ஆண் குழந்தை. மூன்றாம் நாள், இதயத்தில் சின்ன ஓட்டை என்றார் டாக்டர். மாமியார் வார்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒன்பது மாசமும் மிஷினை மிதிச்சே. பிள்ளை நெஞ்சையும் சேர்த்து மிதிச்சுட்டே!"

அந்தப் பெண் நம்பிவிட்டாள். குழந்தையைத் தொடவே மறுத்தாள். மாமியார்தான் பாலாடையில் புகட்டினாள்.

தராசக்கா ஃபிரிட்ஜிலிருந்து அந்தப் பெண்ணின் டப்பாவை எடுத்தாள். தொப்புள்கொடியையும் சவ்வையும் நறுக்கிவிட்டு எடைபோட்டாள். ஐந்நூறு கிராம் பக்கம் இருக்க வேண்டியது முந்நூறைத் தொடவில்லை. ரொட்டி போல வில்லையாக வெட்டினாள். ரத்தம் போகாமல் வெளுத்து இறுகிய திட்டுகள், வில்லைக்கு வில்லை.

அறிக்கையைப் படித்த டாக்டர், "நீங்களே வந்து சொல்லுங்கக்கா. நான் சொன்னா பாடம் நடத்தின மாதிரி இருக்கும்" என்றார்.

கட்டிலருகே நின்று தராசக்கா சொன்னாள்: "இங்க பாரும்மா. உன் நஞ்சுக்கொடி சரியா வளரல. நஞ்சுக்கொடியும் இதயமும் ஒரே சமயத்துல வளர்றது. குழந்தையோட இதயம் அதுக்குள்ளதான் ரத்தத்தைத் தள்ளணும். இது சரியா அமையலைன்னா இதயம் திணறும். இதனாலதான் ஓட்டைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மிஷினால இல்ல. எட்டாவது வாரத்துக்குள்ள இதயம் உருவாயிடுது. அப்போ நீ மாசமா இருக்கிறதே உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

"நிஜமாவா அக்கா? என்னால இல்லையா?"

"இல்லம்மா."

மாமியார் மடியிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். பாலாடையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் கண்களைத் துடைத்துக்கொண்டு, ஓட்டை என்று கேட்டதற்குப் பிறகு முதல்முறையாகக் குழந்தைக்குக் கைநீட்டினாள்.

"குடுங்கத்தை. நான் பால் குடுக்கிறேன்."