காலில் அடி என்று சொல்லியனுப்பினார்கள்

சென்ற வியாழக்கிழமை காலை, புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் பாவாயியைப் பார்த்தேன். எங்கள் வீதிக்காரி, கணவர் பழனியப்பன் லாரி டிரைவர். ஒரு கையில் சோற்றுத் தூக்கு, மறு கையில் பழைய ஊன்றுகோல். பக்கத்தில் கொழுந்தன், தரையைப் பார்த்தபடி.

"அவருக்குக் கால்ல அடியாமுங்க டீச்சர். சேலத்து ஆஸ்பத்திரில இருக்கறாராம். இந்தக் கட்டையப் பரண்ல போட்டு வெச்சது நல்லதாப் போச்சு" என்றாள். முகத்தில் கவலையைவிட அலுப்புத்தான் அதிகம்.

பழனியப்பன் விடியற்காலையிலேயே இறந்துவிட்டார். செய்தி கொண்டுவந்த லாரிக்காரர் டீக்கடையில் தனியாகச் சொல்லியிருந்தார். வீதிக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

எப்படி இது சாத்தியம் என்று கேட்பீர்கள்.

எங்கள் ஊருக்குப் பேப்பர் வருகிறது, ரேடியோ பாடுகிறது... ஆனால், குடும்பத்தைத் தொடுகிற செய்தி ஹைவேயில்தான் வரும். வடக்கே போன வண்டி எங்கே நிற்கிறது, யாருக்குக் காய்ச்சல் — எதிரே வரும் லாரிக்காரர் டீக்கடையில் ஓரங்கட்டிச் சொல்லிவிட்டுப் போவார். டெலிபோன் இல்லாத வீடுகளுக்கு அதுவே தபால், அதுவே தந்தி.

அதற்கென்று ஒரு முறையும் உண்டு. சாவைச் சாவென்று சொல்லியனுப்ப மாட்டார்கள். குடும்பத்தார் நேரில் போய்ச் சேரும்வரை அடிபட்டிருப்பதாகவே சொல்வார்கள். பெரும்பாலும் காலில். வழியிலேயே உடைந்துவிடக் கூடாதே என்ற கருணை. கேட்பவர்களும் புரிந்துகொண்டு, உலையை இறக்கிவிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பும் பாவாயிக்கு இதே செய்தி வந்தது. ஆந்திராப் பக்கம் விபத்து, காலில் அடி. யார் நம்பினோம்? கொழுந்தன் ஆந்திராவுக்குக் கிளம்பிய கையோடு இங்கே பந்தல் எழுந்தது. ஒப்பாரி தொடங்கியது. பாவாயி மயங்கி மயங்கி விழுந்தாள்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து பழனியப்பன் இறங்கினார் — காலில் மாவுக்கட்டு, அக்குளில் ஊன்றுகோல்.

"ஆரு ஊட்டு எழவுங்க இது?" என்று பந்தலைப் பார்த்துக் கேட்டார்.

ஊரே சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை. அவர் மார்பில் இரண்டு கைகளாலும் அடித்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கால்ல அடின்னா காலுன்னு நம்பறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆளில்ல. உசுரோட இருக்கற மனுசனுக்கு ஒப்பாரி வெச்சீங்களே... இனி ஆரு என்ன சொன்னாலும் சொன்னபடிதான் நம்புவேன்."

நம்பினாள். வியாழக்கிழமை செய்தி வந்ததும் வாசலுக்கு வாசல் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆரும் அழுவப்படாது என்று அதட்டிவிட்டு, அடுப்பில் ரசம் வைத்தாள் பாவாயி.

பஸ் வந்தது. ஏறுமுன் என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் மொகத்தத் தொங்கப் போடாதீங்க டீச்சர். சாயங்காலம் கூட்டியாந்துருவேன்."

சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால், சேலம் வரை அந்தப் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருப்பாள்? அவள் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கிப் பிடித்திருந்து, அவள் ஏறியதும் உள்ளே நீட்டினேன்.

சொன்னபடியே சாயங்காலம் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரி வேனிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான் — அந்தக் கட்டையை ஊன்றிக்கொண்டு.