மாமாவை நான் மன்னித்தது

என் தாய்மாமாவுக்குக் கல்லூரியில் வேலை என்றதும் எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். என்ன பாடம் என்று கேட்டு, பதில் தெரிந்ததும் அந்த மரியாதையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மாமா கால்பந்துப் பயிற்சியாளர். அதிலும் முழு அணிக்கு அல்ல, கோல்கீப்பருக்கு மட்டும். "பதினோரு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் வாத்தியாரா?" என்று என்னைப் பெற்ற அத்தா கேலி செய்வார். கெலமங்கலம் சந்தையில் புளி வியாபாரம் செய்த அவருக்கு, ஒரு மூட்டைப் புளியில் ஒற்றைக் கொட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த மாதிரி இருந்திருக்கும்.

மாமா ஒரு காலத்தில் ஓசூரில் கம்பெனி அணி ஒன்றுக்குக் கீப்பராக நின்றவர். தோள்பட்டை விலகியதும் கம்பெனி கைகழுவிவிட்டது. பிறகு அவருக்குப் பழக்கமான பி.டி. மாஸ்டர் ஒருவர், தான் போகும் கல்லூரிக்கெல்லாம் மாமாவையும் கூட்டிப்போனார். மாஸ்டருக்கும் நிர்வாகத்துக்கும் முட்டிக்கொண்டால் மாமாவுக்கும் சேர்த்து வேலை போகும். எட்டு வருஷத்தில் மூன்று கல்லூரி, மூன்றிலும் தற்காலிகம். முப்பத்திரண்டு வயதில், ஒருவழியாகப் பேரிகை ஊரில் பெண் அமைந்தது. நிரந்தர ஆர்டரைக் காட்டினால் நிக்காஹ் தேதி குறிக்கலாம் என்றார் பெண்ணின் அத்தா. இந்த வருஷம் கோப்பை வந்தால் ஆர்டர் தருகிறேன் என்றார் கல்லூரி முதல்வர். அம்மா இரண்டுக்கும் சேர்த்து ஒரே நோன்பாக வைத்தாள்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய், கோல் வலைக்குப் பின்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். மாமாவின் வித்தை பந்தில் இல்லை. "பந்தப் பாக்காத பாப்பா. அடிக்கிறவன் ஊனி நிக்கிற காலப் பாரு. பாதம் எந்தப் பக்கம் திரும்புதோ அங்கதான் பந்து போவும்" என்பார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. கீப்பர் பாய்வதற்கு முன்பே இடது, வலது என்று சொல்லிவிடுவேன். மாமாவுக்குப் பெருமை தாங்காது.

இறுதிப் போட்டிக்குக் கர்நாடகத்துக் கல்லூரி அணி ஒன்று முந்தின நாளே ஓசூர் வந்து, ஒரு கம்பெனி மைதானத்தில் பழகியது. மாமா போனால் அடையாளம் தெரிந்துவிடும். ரெட்டைச் சடை போட்ட சிறுமியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து என்னை அனுப்பினார். வலைக்குப் பின்னால் கொட்டியிருந்த கம்பெனி பாய்லர் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. அதனால் எதிர்ப்பக்கம் போய், பந்தடிப்பவர்களுக்குப் பின்னால் இருந்த தைலமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர்கள் பெனால்டி அடித்துப் பழகியபோது யார் யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று பனியன் எண்ணோடு எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் எண் இடது, நான்காம் எண் வலது. ஒன்றுவிடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா அதை அப்படியே கீப்பருக்கு மனப்பாடம் செய்வித்தார். அவன் நாட்றாம்பாளையத்து மலைக்காரன். சொன்னால் சொன்னபடி செய்பவன்.

மறுநாள் ஆட்டம் சமனில் முடிந்து, டை-பிரேக்கருக்குப் போனது. அணிக்கு ஐந்து பெனால்டி. என் நோட்டு இருக்கிறதே என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் பந்து வலது மூலைக்குப் போனது. நம் கீப்பர் இடது பக்கம் பாய்ந்தான். இரண்டாவது இடது மூலைக்கு. அவன் வலது பக்கம். மூன்றாவதும் அப்படியே. "பால் ஈ கடே, குரு!" என்று யாரோ கன்னடத்தில் அவனுக்குப் பக்கம் காட்டிக் கொடுக்க, மைதானமே சிரித்தது. நான்காவதற்கும் அவன் சொன்னபடியே பாய்ந்தான். ஐந்தாவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மாமா என்னைத் தேடி வந்தார்.

"பாப்பா, நேத்து நீ எங்க நின்னு பாத்த?"

"மரத்தடியில மாமா. அவங்க முதுகுப் பக்கம். நல்லா தெரிஞ்சுது."

 மாமா என் கையிலிருந்த நோட்டை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் பி.டி. மாஸ்டர் வந்து, எல்லோர் முன்னாலும், என்னய்யா சொல்லிக்கொடுத்தாய் என்று கத்தினார். "என் கணிப்புதான் தப்பாப் போச்சு சார்" என்றார் மாமா.

ஆர்டர் வரவில்லை. பேரிகையிலிருந்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். கோல்போஸ்டில் நின்றவர் கேட்டில் நிற்கிறார், அவ்வளவுதானே என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் மவுத்தாகி இரண்டு வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் விளையாட்டு விழாவில் வெயிலுக்கு ஒதுங்கிப் பந்தடிப்பவர்களுக்குப் பின்னால் நின்றேன். பந்து என் இடது பக்கம் போயிற்று. என்னைப் பார்த்து நின்ற கீப்பர் அதைத் தன் வலது கையால் தடுத்தான். எனக்கு இடது என்றால் அவனுக்கு வலது. நின்ற இடத்திலேயே அழுதேன். 

தோற்ற அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். நான் எல்லோர் நடுவிலும், "நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன். மாமாதான் கோட்டை விட்டுட்டாரு" என்று கத்தினேன். "ஆமா, பாப்பா சரியாத்தான் குடுத்துச்சு" என்றார் மாமா. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள் பேக்கரியில் தில்பசந்து வாங்கிவந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மாமா தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. மன்னிச்சுடு" என்றார்.

தில்பசந்து முழுவதையும் தின்று முடித்துவிட்டு, போனால் போகிறது என்று நான் அவரை மன்னித்தேன்.