சௌந்திரம் பிடித்த கடல்

திருச்செங்கோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த சென்னியப்பனுக்கு, கடலில் சூரியன் மறைவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசை. 1933-ல் மனைவி சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறினார். கடலைப் பார்த்துக் கேமராவை நிறுத்தி மாலை முழுக்கக் காத்திருந்தார்கள். வெளிச்சம் குறைந்ததே தவிர சூரியனைக் காணோம். சௌந்திரம்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பொழுது நம்ம முதுகுக்குப் பின்னால எறங்குதுங்க!"

அந்தக் கடல் கிழக்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் திரும்பும் ரயிலில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சேலத்து ஜவுளி வியாபாரி நசுருல்லா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கோழிக்கோடு போங்க. அங்கதான் சூரியன் நேரா தண்ணிக்குள்ள போகும்" என்றார்.

சௌந்திரம் வெண்ணந்தூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த பிறகு இருட்டறையில் மருந்து கலக்கவும் படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவவும் கற்றுக்கொண்டாள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் மட்டும் ஒருநாளும் தலையை விட்டதில்லை.

மாசி மாதத்தில் சங்ககிரியில் ரயிலேறிக் கோழிக்கோடு போனார்கள். கடற்கரை மணலில் கால் வைத்ததுமே சௌந்திரம் ஓடினாள். தகதகவென்று சிவந்து, சூரியன் தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அவசர அவசரமாக அதை நட்ட நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட்.

"நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?"

துணிக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் கடல் மேலேயும் வானம் கீழேயுமாகத் தலைகீழாகத் தெரிந்தது. திடுக்கென்று வெளியே வந்தாள்.

"படத்துல சிவப்பு வராதுங்களே! கறுப்பும் வெள்ளையுந்தான வரும்? நடுவுல ஒரு வெள்ளப் பொட்டு மட்டும் இருந்தா யாருக்குங்க என்ன புரியும்?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற புள்ள?"

அவள் கேமராவை முக்காலியோடு தூக்கி, கரையில் கிடந்த தோணி ஒன்றின் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். தோணி ஒரு ஓரம், சூரியன் மறு ஓரம், நடுவில் ஈர மணலில் நீண்டு கிடக்கும் வெளிச்சம்.

"பொழுத ஓரத்துலயா வெப்பாங்க?" என்று அவர் கத்தினார்.

"சித்த பொறுங்க!"

சூரியன் தண்ணீரைத் தொடப் போனது. அப்போது மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கரையோரமாக வந்தாள். வெளிச்சத்துக்குள் அவள் வந்ததுதான் தாமதம்.

"இப்பங்க! இப்ப!"

அவர் கேமராவை இயக்கும் ரப்பர் பந்தை அமுக்கினார்.

ஊருக்கு வந்து பிளேட்டுகளைக் கழுவினார்கள். முதல் படத்தில் வெளுத்த திட்டு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதை அச்சுப் போட்டுப் பார்த்தபோது கறுப்பாய்த் தோணி, கூடைக்காரி, அவள் காலடியில் மின்னும் தண்ணீர். சௌந்திரம் கூவிய கூவலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். சென்னியப்பன் படத்தை எல்லோரிடமும் நீட்டி, "எங்க ஊட்டுக்காரி எடுத்தது! எப்படி வெச்சிருக்குறா பாருங்க!" என்றார்.

கடலையே பார்த்திராத சனங்கள் அதைப் பார்க்கவென்றே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஆம்பளை முன்னால் படத்துக்கு நிற்கக் கூச்சப்பட்ட பெண்கள், "சௌந்திரக்கா எடுத்தா நிக்கிறோம்" என்று கிளம்பி வந்தார்கள். முதலில் வந்தது பக்கத்துத் தெரு முத்தாயம்மாளும் அவள் மூன்று மகள்களும். சௌந்திரம் அவர்களைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய், வெளிச்சம் கன்னத்தில் விழும்படி நிறுத்திவிட்டுக் கறுப்புத் துணிக்குள் நுழைந்தாள்.